குப்பி நடக்கும் நேரம்

மலையகத்திலிருந்து பொறியியல் படிக்கப் போகும் மாணவியரைப் பற்றிப் பேசினால் பேச்சு உயர்தரத்தோடு நின்றுவிடுகிறது. இணைந்த கணிதத்துக்கு ஆசிரியர் இல்லாத பாடசாலைகள், ஹட்டனிலோ கண்டியிலோ அறை எடுத்துத் தங்கிப் படிக்க வேண்டிய நிலை, நுவரெலியா மாவட்டத்து வெட்டுப்புள்ளி யாருக்கு உதவுகிறது என்ற பழைய வழக்கு. இவற்றைப் பேசத்தான் வேண்டும். ஆனால் இவ்விதழின் வாசகர்கள் பீடங்களில் படிப்பிப்பவர்கள், மின்நிலையங்களிலும் தொழிற்சாலைகளிலும் வேலை செய்பவர்கள். அனுமதிக் கடிதம் வந்த பிறகு நடப்பதற்கு நாமும் பொறுப்பு.

பேராதனையில் முதலாம் ஆண்டு எல்லாருக்கும் பொது. சிவிலா, மின்னியலா, கணினியா என்பதை அந்த ஆண்டுப் புள்ளிகள்தான் தீர்மானிக்கின்றன. தமிழில் படித்து வந்த பிள்ளை ஆங்கில விரிவுரையோடு மல்லுக்கட்டும் அதே மாதங்களில் எதிர்காலமும் முடிவாகிறது. அப்போது கரையேற்றிவிடுவது பெரும்பாலும் குப்பிதான். மூத்த மாணவர் ஒருவர் பழைய வினாத்தாளை விரித்து, எங்கே வழுக்கும், எந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வரும் என்று சொந்த மொழியில் சொல்லித் தருவார். பீடத்தின் எந்தக் கையேட்டிலும் அது இல்லை.

அது நடக்கும் இடத்தையும் நேரத்தையும் பாருங்கள். ஆண்களின் அக்பார் விடுதி பீடத்தின் பக்கத்திலேயே இருக்கிறது. பெண்களின் ஹில்டா ஒபேசேகரவும் சங்கமித்தாவும் மகாவலிக்கு அந்தப் பக்கம். பெண்கள் விடுதியின் கதவு அடைத்த பிறகுதான் ஆண்கள் பக்கம் குப்பி சூடுபிடிக்கும். யாரும் திட்டமிட்டு மாணவியரை ஒதுக்கவில்லை. ஒதுக்கத் தேவையும் இருக்கவில்லை. மறுநாள் வாட்ஸ்அப்பில் பலகையின் படம் வரும். அதில் விடை இருக்கும், அந்த விடைக்கு வருமுன் மூன்று பேர் கேட்ட முட்டாள் கேள்விகள் இருக்காது. படிப்பு அந்தக் கேள்விகளில்தான் நடக்கிறது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் டெனஹியும் நீலாஞ்சனா தாஸ்குப்தாவும் செய்து 2017இல் வெளியிட்ட ஆய்வு இங்கே உதவும். பொறியியலுக்கு வந்த 150 புதுமுக மாணவியரில் சிலருக்குப் பெண் வழிகாட்டி, சிலருக்கு ஆண் வழிகாட்டி, சிலருக்கு ஒருவரும் இல்லை. யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். வழிகாட்டிகளும் மூத்த மாணவர்களே. ஆண்டு முடிவில், பெண் வழிகாட்டி கிடைத்தவர்கள் எல்லாரும் துறையில் நிலைத்திருந்தார்கள். மற்ற இரு குழுக்களிலும் சிலர் விலகியிருந்தார்கள். நிலைத்ததற்கும் புள்ளிகளுக்கும் தொடர்பு காணப்படவில்லை. நானும் இங்கே சேர்ந்தவள் என்ற எண்ணமும் தன்னம்பிக்கையும்தான் தாங்கிப்பிடித்தன.

இங்கே துறை மாறுவது அவ்வளவு எளிதல்ல. அதனால் விலகியோர் கணக்கைப் பார்த்து நம் பீடங்கள் திருப்தி அடையலாம். பின்வாங்கல் வேறு உருவில் வரும். ஆய்வுகூடக் குழுவில் கருவியைத் தொடாமல் அறிக்கை எழுதும் வேலையை மட்டும் ஏற்பது, பயிற்சிக்குக் களத்தை விட்டு அலுவலகத்தைக் கேட்பது. இதை "பெண்பிள்ளைகளின் விருப்பம்" என்று எழுதிக்கொள்வது நமக்கு வசதி.

மலையக மாணவி விடயத்தில் ஒரு சிக்கல் உண்டு. அவளுடைய உலகம் தெரிந்த மூத்தவர் பெரும்பாலும் ஓர் அண்ணா; பீடத்தில் பக்கத்தில் இருக்கும் மூத்த பெண் சிங்களவராகவோ யாழ்ப்பாணத்தவராகவோ இருப்பார். வழிகாட்டியாக யாரை நியமிப்பது? முதலாம் ஆண்டுக்குப் பெண்ணையே நியமிக்க வேண்டும் என்பது நமது கருத்து. ஊர்க்கார அண்ணா எப்படியும் உதவுவார், அதற்கு நியமனக் கடிதம் தேவையில்லை. இரவு ஒன்பது மணிக்கு விடுதி அறைக்குள் வந்து, கட்டிலில் உட்கார்ந்து கணக்குப் போட அவரால் முடியாது. இலங்கையின் முதல் பெண் பொறியியலாளர் பிரேமளா சிவப்பிரகாசபிள்ளை 1960இல் பீடத்துக்குள் நுழைந்தபோது அப்படி ஓர் அக்கா இருக்க வழியே இல்லை. இன்று இருக்கிறார்கள், யாரும் அவர்களைக் கேட்பதில்லை.

"சீனியர் பார்த்துக்கொள்வார்" என்றால் தோட்டத்துப் பெற்றோருக்கு வயிறு கலங்குவதில் நியாயம் உண்டு. பேராதனையில் 1975இல் ரூபா ரத்னசீலி பகிடிவதைக்குத் தப்ப மாடியிலிருந்து குதித்து நடக்க முடியாதவரானார். 1997இல் அதே பல்கலைக்கழகத்தின் பொறியியல் மாணவர் வரப்பிரகாஷ் பகிடிவதையால் உயிரிழந்தார். பகிடிவதையைத் தடைசெய்யும் 1998இன் 20ஆம் இலக்கச் சட்டம் அதன் பின்னர் வந்தது. ஆகவே வழிகாட்டியைப் பீடமே பெயர் குறித்து நியமிக்க வேண்டும். தாய் தகப்பனுக்கு அந்தப் பெயர் தெரிய வேண்டும், முறையிட ஓர் இடமும் தெரிய வேண்டும்.

வழிகாட்டலைத் தொடங்க வேண்டியது விரிவுரை தொடங்கும் நாளில் அல்ல. உயர்தரப் பெறுபேறு வந்து பீடத்துக்குப் போகும் வரை மாதக்கணக்கில் பிள்ளைகள் லயத்தில் காத்திருக்கிறார்கள். லக்சபானவிலும் மேல் கொத்மலையிலும் மின்நிலையங்கள் அவர்கள் வீட்டு வாசலிலேயே இருக்கின்றன. அங்கே பணிபுரியும் பெண் பொறியியலாளர் வாரத்தில் ஒருமுறை தொலைபேசியில் ஆங்கிலத்தில் பேசினாலே முதல் தவணையின் பயம் பாதியாகும்.

செலவையும் நேரத்தையும் பீடம் ஏற்க வேண்டும். வழிகாட்டும் மாணவிக்கு அது பதிவேட்டில் ஏறும் பணியாக இருக்க வேண்டும். இருக்கின்ற சில பெண் விரிவுரையாளர்களின் தலையில் எல்லாவற்றையும் கட்டிவிட்டு, பதவியுயர்வு விண்ணப்பத்தில் அதற்கு ஒரு வரிகூட ஒதுக்காமல் விட்டால், இந்தத் திட்டம் இரண்டாம் ஆண்டே படுத்துவிடும்.