டீவியில் முகம் பார்ப்போம், தனியாகவும் பேசவிடுவோம்

ஞாயிற்றுக்கிழமை இரவானால் நம் லயங்களில் இப்போது புதியதொரு காட்சி. கைத்தொலைபேசியில் வரும் வீடியோ கோலை வீட்டு டீவியோடு இணைத்து, குவைத்திலோ சவூதியிலோ வீட்டு வேலை செய்யும் மகளைக் குடும்பமே ஒன்றாக உட்கார்ந்து பார்க்கிறது. கண் மங்கிய பாட்டிக்கும் முகம் தெளிவாகத் தெரிகிறது. தாயைப் பிரிந்த பிள்ளை திரைக்குக் கிட்டப் போய்த் தொட்டுப் பார்க்கிறது. இதை வேண்டாமென்று நாம் சொல்லவில்லை.

செய்வதும் கடினமில்லை. ஸ்மார்ட் டீவியும் தொலைபேசியும் ஒரே வைஃபையில் இருந்தால் தொலைபேசியின் திரையை டீவிக்கு அனுப்பலாம். சில டீவிகள் வைஃபை இல்லாமலே தொலைபேசியோடு நேரடியாக இணையும். பெரும்பாலான டீவிகளில் கமெரா கிடையாது. நம் முகத்தை அங்கே காட்டுவது தொலைபேசிதான். அதை டீவிக்குப் பக்கத்தில், நமக்கு நேராகச் சாய்த்து வைக்க வேண்டும். கையில் பிடித்தால் அவள் பார்ப்பது நம் கூரைத் தகரத்தைத்தான்.

ஆனால் ஒன்றை யோசிப்போம். நம் காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு அடி. சுவரோ இரண்டு வீட்டுக்கும் பொது. டீவியில் பேசுவது அடுத்த காம்பராவுக்கும் கேட்கும். அயலவர்களும் இஸ்தோப்பில் கூடிவிடுவார்கள். அத்தனை பேர் முன்னால் அவள் என்ன சொல்வாள்? "நல்லா இருக்கேன்மா, சாப்பிட்டேன்" என்பாள். அடி வாங்குவதைப் பிள்ளைக்கு முன்னால் சொல்லமாட்டாள். கடன்பட்டு அனுப்பிய கணவனின் மானம் போகுமென்று பாஸ்போட்டைப் பறித்து வைத்திருப்பதையும் சொல்லமாட்டாள்.

நமக்குத் தெரிந்த ஒரு குடும்பம் வாராவாரம் மகளை டீவியில் பார்த்தது. ஐந்து மாதமாகச் சம்பளம் கிடைக்கவில்லை என்பது, ஒரு நள்ளிரவில் தங்கையின் தொலைபேசிக்கு வந்த குரல் பதிவில்தான் தெரிந்தது. "சிரிச்ச முகத்தைத்தானே பார்த்தோம்" என்று அந்தத் தாய் நம்மிடம் அழுதார்.

கொழுந்து நிறுக்கும்போது தராசைப் பார்க்காமல் நிறுப்பவரின் முகத்தைப் பார்த்துக் கணக்கை நம்புவோமா? இதிலும் அப்படித்தான்.

ஆகவே டீவியில் பார்த்து முடிந்ததும், தாயோ சகோதரியோ தொலைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே போய்ப் பத்து நிமிடம் தனியாகப் பேசட்டும். மூன்று கேள்வி கேட்கட்டும்: சம்பளம் ஒழுங்காக வருகிறதா? பாஸ்போட் யார் கையில்? ஓய்வும் தூக்கமும் கிடைக்கிறதா?

நேரத்தையும் கவனிப்போம். நமக்கு இரவு 9 மணி என்றால் குவைத்திலும் சவூதியிலும் மாலை 6.30. அவள் அடுப்படியில் நிற்கும் நேரம். வீட்டுக்காரர்களும் பக்கத்தில் இருப்பார்கள். அவள் படுக்கப்போகும் 11 மணி நமக்கு 1.30. விடிய எழும்பிப் பெரட்டுக்குப் போகிற நமக்கு இது கஷ்டந்தான். மாதத்தில் ஒரு இரவாவது அவளுக்காக விழித்திருப்போம்.

இனிமேல் போகிறவர்களோடு போகுமுன்பே ஒரு அடையாளச் சொல்லைப் பேசி வைப்போம். "வீட்டு மாடு எப்படி?" என்று கேட்டால், ஆபத்து, தனியாக எடுங்கள் என்று அர்த்தம்.

பதில் சரியில்லை என்றால் மூடி மறைக்க வேண்டாம். இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு வீட்டார் இங்கிருந்தே முறையிடலாம். பாஸ்போட், ஒப்பந்தம், பணியகப் பதிவு ஆகியவற்றின் பிரதிகள் வீட்டில் இருக்கட்டும். அவற்றோடு தோட்டக் கமிட்டியிடம் வாருங்கள். கடிதம் எழுதவும் கூட வரவும் நாம் இருக்கிறோம்.

வருகிற ஞாயிறும் டீவியைப் போடுவோம். நிறுத்திய பிறகு, அந்தப் பத்து நிமிடத்தை மறக்காதிருப்போம்.