ரஷ்ய எண்ணெயும் திருப்பூர் பனியனும்



திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்தும் பழைய மாணவர் ஒருவர் போனில் கேட்டார்: "சார், ரஷ்யாக்காரன் எண்ணெய்க்கும் என் பனியனுக்கும் என்ன சம்பந்தம்?" நல்ல கேள்வி. எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கும் வரை, ஐரோப்பா இறக்குமதி செய்த எரிவாயுவில் பத்தில் நான்கு பங்குக்கு மேல் ரஷ்யாவிலிருந்து வந்தது. போரால் அந்த உறவு முறிந்தது. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் அல்லவா? ஐரோப்பாவுக்கு எரிவாயு விற்பதில் நார்வே முதலிடம் பிடித்தது. அமெரிக்கா திரவ எரிவாயுவைக் கப்பல் கப்பலாக அனுப்பியது. அஜர்பைஜானும் கூடுதலாகத் தர ஒப்பந்தம் போட்டது.

நமக்கும் பங்கு கிடைத்தது. 2022 டிசம்பர் 5 முதல் கடல் வழியாக வரும் ரஷ்யக் கச்சா எண்ணெய்க்கு ஐரோப்பா தடை போட்டது. ரஷ்யா தள்ளுபடியில் விற்றது, நாம் வாங்கினோம். போருக்கு முன் நம் இறக்குமதியில் 2 சதவீதம் அளவே இருந்த ரஷ்ய எண்ணெய், 2023-24இல் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. ஜாம்நகர் போன்ற இடங்களில் சுத்திகரித்த டீசல் ஐரோப்பாவுக்கே போனது. அன்றைய விதிப்படி அதில் தவறில்லை. வாங்கியது சரி என்பதே என் கருத்தும்.

ஆனால் பங்கில் நாம் கொடுத்த விலை, 2022 மே மாதத்திலிருந்து 2024 மார்ச் வரை ஏறக்குறைய அசையவே இல்லை. எண்ணெய் நிறுவனங்கள் முந்தைய நஷ்டத்தை ஈடுகட்டின என்பார்கள். அதில் உண்மையும் உண்டு.

பிறகு 2025 ஆகஸ்டில், ரஷ்ய எண்ணெய் வாங்குவதைக் காரணம் காட்டி, இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா மேலும் 25 சதவீத வரி போட்டது. மொத்தம் 50 சதவீதம். அந்த வரி சுத்திகரித்த டீசல் மேல் விழவில்லை. பனியன் மேலும் இறால் மேலும் விழுந்தது. லாபம் ஜாம்நகரில், தண்டம் திருப்பூரில்!

இதுதான் என் ஆதங்கம். பிறர் சண்டையால் வரும் வாய்ப்பு நிரந்தரமல்ல. அது வரும்போதே லாபத்தில் ஒரு பகுதியை அரசு எடுத்து வைத்து, பின்னால் அடிபடும் சிறு ஏற்றுமதியாளர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் கொடுக்க வேண்டும். கூத்து முடிந்த பிறகு பந்தல் செலவை வேடிக்கை பார்த்தவன் தலையில் கட்டுவது நியாயமா?

மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாக எழுதுங்கள். வகுப்பில் போலக் கை தூக்க வேண்டியதில்லை.

அன்புடன்,
உங்கள் சார்