சாமி குடுத்த வரமுங்களா?

ஒரு குழந்தை நாலு பேர் முன்னால் கொஞ்சம் நன்றாகப் பாடிவிட்டால், வாசித்துவிட்டால் போதும். நம்மூரில் உடனே தீர்ப்பு வந்துவிடும்: "அதெல்லாம் பொறவியிலயே வரோணுமுங்க. சொல்லிக் குடுத்து வர்றதில்லீங்க." கல்யாண மண்டபத்தில் சாப்பாட்டுப் பந்தியிலும் இதைச் சொல்கிறார்கள், தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியில் நடுவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டும் சொல்கிறார்கள். காதுக்கு இனிமையாக இருப்பதால் இதைப் பாராட்டு என்று எல்லோரும் நினைக்கிறோம். உழைத்த பிள்ளையின் உழைப்பைப் பிடுங்கிக்கொண்டு, உழைக்க வந்த பிள்ளையை வாசலோடு திருப்பி அனுப்பும் பேச்சு இது என்பது என் கட்சி.

நான் மேட்டுப்பாளையத்தில் உருளைக்கிழங்கு மண்டி ஒன்றில் கணக்கு எழுதுகிறவன். எங்கள் வீட்டில் அப்பன் பாட்டன் காலத்திலிருந்து எவரும் ஒரு வாத்தியத்தைத் தொட்டதில்லை. என் மகள் பியானோ வாசிக்கிறாள். வகுப்பு எதற்கும் போகாமல் தொடங்கியவள் என்பதால் "தானாவே கத்துக்கிட்டாளாமா" என்று ஊர் வியக்கிறது. அந்தத் 'தானாக' எப்படி நடந்தது என்பதை ஒரே கூரைக்குக் கீழே இருந்து பார்த்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

கொரோனாவில் பள்ளிக்கூடம் மூடியிருந்த நேரம். கோவையில் இருக்கும் மைத்துனர், தன் மகன் தொடாமல் போட்டு வைத்திருந்த கீபோர்டைக் கொண்டுவந்து கொடுத்தார். பியானோவுக்கு 88 கட்டை, இதில் 61தான். என் செல்போனில் யூடியூப் பார்த்து ஆரம்பித்தாள். மேலிருந்து வண்ணப் பட்டைகள் இறங்கிவந்து எந்தக் கட்டையில் விழுகிறதோ அதை அழுத்த வேண்டும். அப்படிப்பட்ட காணொளியைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு வாசிப்பாள். பீத்தோவனின் 'ஃபியூர் எலிசே' தொடக்கத்தில் வலக்கை அடுத்தடுத்த இரண்டு கட்டைகளில் மாறி மாறி ஆடும். அது யாருக்கும் சீக்கிரம் வந்துவிடும். இடக்கை வந்து சேரும் இடத்தில்தான் எல்லாம் கலையும். அந்த ஒரு வரியை மட்டும் சாயங்காலம் முழுக்க வாசிப்பாள். அதே இடம், அதே தப்பு, மறுபடி முதலிலிருந்து. என் அம்மா சீரியலைச் சத்தமில்லாமல் பார்க்கப் பழகிக்கொண்டார்கள். என் டேட்டா மதியத்துக்குள் தீர்ந்துவிடும்.

காலை 7.10-க்கு ஊட்டி ரயில் கிளம்பும்போது ஊதுமே, அந்த ஊதலுக்கு ஒத்த சுரத்தை ஒருநாள் கட்டையில் தொட்டுக் காட்டினாள். பக்கத்து வீட்டுக்காரர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். "இது சாமி குடுத்த வரமுங்க." நாங்கள் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறோம். தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து அந்த ஊதலைக் கேட்டு வளர்ந்த பிள்ளை. அவருடைய பேரனும் அதே ஊதலைத்தான் கேட்கிறான். அதைத் தேடிப் பார்க்க அவன் கையில் கீபோர்டு இல்லை. சாமி இந்த வீட்டுக்கும் அந்த வீட்டுக்கும் நடுவில் பாரபட்சம் பார்த்ததாக எனக்குத் தோன்றவில்லை.

ஊர் பார்க்காதது இன்னொன்று உண்டு. தானாகக் கற்றதில் அவள் கைக்குத் தப்பான பழக்கம் ஏறியிருந்தது. ச-ரி-க-ம-ப என்று ஐந்து கட்டைக்கு ஐந்து விரலும் தீர்ந்துவிடும். அடுத்த கட்டைக்குக் கையையே தூக்கித் தாவுவாள். மெதுவான பாட்டில் தெரியாது, வேகம் கூடினால் ஒவ்வொரு தாவலிலும் ஓட்டை விழும். சர்ச்சில் கீபோர்டு வாசிக்கும் அண்ணன் ஒருவர் இதைக் கவனித்தார். "மூணு வெரல் முடிஞ்சதும் கட்டவெரல உள்ளங்கைக்குக் கீழ நொழைக்கோணும் கண்ணு. அப்பத்தான் கை நகந்துட்டே போகும்" என்று செய்து காட்டினார். 1-2-3, பிறகு மறுபடி 1-2-3-4-5. உலகத்துப் பியானோக்காரர்கள் எல்லோரும் முதலில் கற்கும் விரல் கணக்கு இது. இவள் கடைசியில் கற்றாள். அது கையில் படியும் வரை, முன்பு சரளமாக வந்த பாட்டெல்லாம் உடைந்து நொறுங்கியது. அழுதாள், கீபோர்டைத் துணி போட்டு மூடினாள், மறுநாள் திறந்தாள். 'வரம்' என்று சொன்ன எவரும் அந்த வாரங்களில் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

ஆக, தானாகக் கற்றவள் என்று ஊர் சொல்லும் இந்தப் பெண்ணுக்கு எத்தனை பேர் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் பாருங்கள். முகம் தெரியாத காணொளிக்காரர்கள், சர்ச் அண்ணன், கீபோர்டு தந்த மாமன், சீரியல் சத்தத்தை விட்டுக்கொடுத்த பாட்டி. இதில் அவளுடைய பங்கு, தப்பு வந்த இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போனது. அது சின்னப் பங்கு இல்லை. ஆனால் அது வரமும் இல்லை.

"உங்க பொண்ண விடுங்க. லிடியனைப் பாருங்க" என்பார்கள். பார்ப்போம். 2019 மார்ச்சில் அமெரிக்கத் தொலைக்காட்சியின் 'தி வேர்ல்ட்ஸ் பெஸ்ட்' போட்டியில் 10 லட்சம் டாலர் வென்ற சென்னைப் பையன் லிடியன் நாதஸ்வரம். அப்போது வயது 13. ரிம்ஸ்கி-கோர்சகோவின் வண்டு பறக்கும் இசையை நிமிடத்துக்கு 208 தட்டு வேகத்தில் வாசித்துவிட்டு, அதையே 325 வேகத்துக்கு ஏற்றிக் காட்டினார். தானே கற்ற அதிசயப் பிள்ளை என்று கொண்டாடினோம். அவருடைய அப்பா வர்ஷன் சதீஷ் இசையமைப்பாளர். அக்கா அமிர்தவர்ஷினியும் இசைக்காரர். நடைபழகும் வயதிலேயே டிரம்ஸ் கையில் கிடைத்த வீடு. பிறகு ஏ.ஆர்.ரகுமானின் கே.எம். இசைக் கல்லூரியில் படிப்பு. இத்தனையையும் அழித்துவிட்டு 'பிறவி மேதை' என்று எழுதினால், அந்த அப்பா மகனோடு உட்கார்ந்த நேரமெல்லாம் எங்கே போயிற்று?

ரகுமானை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா ஆர்.கே.சேகர் 1976-இல் இறந்தபோது ரகுமானுக்கு 9 வயது. 'ரோஜா' வந்தது 1992-இல். நடுவில் இருக்கும் 16 ஆண்டுகளில் பிறருடைய இசைக்குழுக்களில் கீபோர்டு வாசித்தார், விளம்பரங்களுக்கு இசை போட்டார், தன்ராஜ் மாஸ்டரிடம் பாடம் கேட்டார். அதே தன்ராஜ் மாஸ்டரிடம்தான் இளையராஜாவும் மேற்கத்திய இசை படித்தார். அதற்கு முன்பே அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவோடு ஊர் ஊராகச் சுற்றிய ஆண்டுகள் அவருக்கு உண்டு. இந்த இரண்டு பேரையும் தெரியாத தமிழன் கிடையாது. தன்ராஜ் மாஸ்டர் பெயரைத் தெருவில் பத்து பேரிடம் கேளுங்கள். குருவை மறக்கவைப்பதுதான் இந்த நம்பிக்கை செய்யும் முதல் வேலை.

நம் கோவைக்கே ஒரு சாட்சி உண்டு. சிங்காநல்லூர் சென்ட்ரல் ஸ்டூடியோவில் எடுபிடி வேலை பார்த்துக்கொண்டே, எஸ்.எம்.சுப்பையா நாயுடுவின் இசைக்குழுவை ஒட்டி நின்று வளர்ந்தவர் எம்.எஸ்.விஸ்வநாதன். அதற்கு முன்பே நீலகண்ட பாகவதரிடம் பாடம் கேட்டவர். ஹார்மோனியம் அவர் மடியில் வானத்திலிருந்து விழவில்லை.

"அப்போ மொசார்ட்?" என்று கடைசி அம்பை எடுப்பார்கள். அவர் பிறந்த 1756-ஆம் ஆண்டில்தான் அவருடைய அப்பா லியோபோல்ட், வயலின் கற்பிப்பது எப்படி என்ற புத்தகத்தையே வெளியிட்டார். ஐரோப்பாவின் தேர்ந்த இசை ஆசிரியர் ஒருவர் வீட்டுக்குள்ளேயே இருந்தார். பதினோரு வயதில் மொசார்ட் எழுதிய முதல் நான்கு பியானோ கான்செர்ட்டோக்களும் பிறருடைய இசையை எடுத்து மாற்றி அமைத்தவை. மேதையும் முதலில் பார்த்து எழுதித்தான் பழகியிருக்கிறார்.

ஒரு சுரத்தைக் கேட்ட மாத்திரத்தில் இன்னதென்று சொல்லும் திறமையை நாம் தெய்வாம்சம் என்போம். ஜப்பானில் 2 முதல் 6 வயதுக்குட்பட்ட 24 குழந்தைகளுக்கு இதை முறையாகப் பழக்கிப் பார்த்தார்கள். 2014-இல் முடிவு வெளியானது: பாதியில் நின்ற இரண்டு பேரைத் தவிர அத்தனை குழந்தைகளுக்கும் அது வந்துவிட்டது. பிறப்பில் வித்தியாசமே கிடையாது என்று நான் சொல்லவில்லை. ஸ்வீடனில் ஆயிரக்கணக்கான இரட்டையர்களை ஆராய்ந்தவர்கள், சாதகம் செய்யும் நாட்டத்திலேயே பரம்பரைக்குப் பங்கு இருப்பதாகச் சொல்கிறார்கள். இருக்கட்டும். ஆனால் எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு என்பது எவர் நெற்றியிலும் எழுதியிருக்கவில்லை. வாத்தியத்தைக் கையில் கொடுத்து, சொல்லிக் கொடுத்து, சில வருடம் காத்திருந்தால்தான் அது வெளியே தெரியும். அதற்கு முன்னால் தீர்ப்புச் சொல்கிறவர் ஜோசியம் சொல்கிறார்.

எங்கள் மண்டியில் மூட்டை பிரித்ததும் கிழங்கைப் பார்வையிலேயே ரகம் பிரித்துவிடுவார்கள். பெரியது ஒரு குவியல், நடுத்தரம் ஒன்று, பொடி ஒன்று. அது சரிதான், மண்ணிலிருந்து வந்த கிழங்கு இனி வளரப்போவதில்லை. மூன்று மாதம் கீபோர்டு வகுப்புக்குப் போன எட்டு வயதுப் பிள்ளையையும் அப்படியே பொடிக் குவியலில் தள்ளுகிறோமே, அதுதான் தாங்கவில்லை. "இவனுக்கு மியூசிக் வராதுங்க, நிறுத்திட்டோம்" என்று சொல்லும் பெற்றோர் எனக்கு எத்தனையோ பேர் தெரியும். கணக்கில் தோற்றால் டியூஷன் வைக்கிறார்கள். பாட்டில் தடுமாறினால் தலைவிதி என்கிறார்கள்.

வரம் என்று பட்டம் வாங்கிய பிள்ளைக்கும் இதில் லாபமில்லை. வரம் வாங்கியவள் தப்பு செய்யலாமா? மேடையில் ஒரு கட்டை பிசகினாலும் வரம் போய்விட்டதோ என்று பயப்படுகிறாள். தெரிந்ததையே வாசித்துக் கைதட்டு வாங்கினால் போதும் என்று பாதுகாப்பாக ஒதுங்குகிறாள். கடினமான அடுத்த பாடத்தைத் தொடாமல் நின்றுபோகும் பிள்ளைகள் இப்படித்தான் உருவாகிறார்கள்.

இந்தப் பேச்சுக்கு ஒரு சாதி முகமும் இருக்கிறது. பறை அடிப்பவரைப் பார்த்து "அவுங்களுக்கு ரத்தத்துலயே ஊறுனது" என்கிறோம். சின்ன வயதிலிருந்து அடி வாங்கி, அடவு படித்து, தோலைத் தீயில் காய்ச்சிச் சுதி சேர்க்கக் கற்றவரின் படிப்பு முழுவதையும் அந்த ஒரு வாக்கியத்தில் அழித்துவிடுகிறோம். ரத்தத்தில் ஊறியதற்கு மரியாதை எதற்கு, நியாயமான கூலி எதற்கு? இன்னொரு பக்கம், சங்கீதம் சில வீடுகளுக்குத்தான் வரும் என்று சபாக்களில் முணுமுணுக்கிறோம். அட்டப்பாடியின் இருளர் பாடகி நஞ்சியம்மாவுக்கு 2022-இல் தேசிய விருது அறிவித்தபோது, முறையாகச் சங்கீதம் படிக்காதவருக்கு விருதா என்று கேட்டார்கள். தன் மக்களின் பாட்டை மூத்தவர்களிடம் கேட்டுக் கேட்டுக் கற்றது படிப்பு இல்லையாம். ஒருவருக்குப் பிறப்பால் வந்தது என்று சொல்லி மதிப்பைக் குறைக்கிறோம், இன்னொருவருக்குப் பிறப்பால் வந்தது என்று சொல்லி உயர்த்தி வைக்கிறோம். தராசு ஒன்றுதான், யார் நிற்கிறார் என்பதைப் பார்த்து முள் சாய்கிறது.

இந்த நம்பிக்கையை உடைத்துக் காட்டியவர் நம் வட்டாரத்திலேயே உண்டு. வள்ளி ஒயில் கும்மி ஆண்கள் ஆடுவது என்று இருந்த காலத்தில், பெண்களுக்கும் அதைச் சொல்லிக் கொடுத்தவர் பத்ரப்பன். 2024-இல், 87 வயதில், அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. இன்று கொங்கு நாட்டுக் கோயில் மைதானங்களில் பாட்டியும் பேத்தியும் ஒரே வரிசையில் நின்று கும்மி அடிக்கிறார்கள். அவர்களில் யாருக்குப் பிறவி ஞானம் இருக்கிறது என்று எந்த ஆசிரியரும் சோதித்துச் சேர்க்கவில்லை. காலை எடுத்து வைக்கச் சொன்னார்கள், தப்பினால் திருத்தினார்கள், வந்துவிட்டது.

எல்லோரும் மேதையாகிவிடுவார்களா என்றால், ஆக மாட்டார்கள். ஆகவும் வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கு படிக்கும் எல்லோரும் ராமானுஜனாக வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. அதற்காகக் கணக்கு வாத்தியார் வேலையை எடுத்துவிடுவதும் இல்லை. இசைக்கு மட்டும்தான் இந்த அநியாயம். 2012-இல் தமிழக அரசுப் பள்ளிகளில் 16,000-க்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தார்கள். உடற்கல்வி, ஓவியம், தையலோடு இசையும் அதில் ஒன்று. பணி நிரந்தரம் கேட்டு ஆண்டுக்கணக்கில் அவர்கள் தெருவில் நின்றபோது, நம்மில் எத்தனை பேர் கூட நின்றோம்? வரம் என்று நம்புகிற சமூகத்துக்கு வாத்தியார் வீண் செலவாகத்தான் தெரியும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை தடுமாறினால் "உனக்கு வராது" என்று சொல்லாதீர்கள். "இன்னும் வரவில்லை" என்று சொல்லுங்கள். நன்றாக வாசித்தால் வரம் என்று திருஷ்டி சுற்றாதீர்கள். எந்த இடம் கஷ்டமாக இருந்தது, எப்படிச் சரிசெய்தாய், யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேளுங்கள். அந்த வாத்தியார் பெயரைச் சபையில் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் தூசி படிந்து கிடக்கும் கீபோர்டைப் பக்கத்துத் தெருப் பிள்ளைக்குக் கொடுங்கள். உங்கள் பஞ்சாயத்துப் பள்ளியில் இசை வகுப்பு ஏன் இல்லை என்று அடுத்த பெற்றோர் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். இத்தனையும் செய்து முடித்த பிறகும் பிள்ளைக்கு வரவில்லை என்றால், அப்போது சாமியைக் கேட்கலாம்.