மூழ்காமலும் இறக்கலாம்

குளிர்காலத்தில் ரிஷிகேஷுக்கு மேலே சிவபுரியிலிருந்தும் மரீன் டிரைவிலிருந்தும் கங்கையில் இறங்கும் ராஃப்டிங் மிதவைகளைக் கரையிலிருந்து கவனிப்போர்க்கு ஒரு முரண் புலப்படும். அமர்ந்திருக்கும் ஒவ்வொருவர் தலையிலும் தலைக்கவசம் உள்ளது. மார்பில் லைஃப் ஜாக்கெட் இறுகக் கட்டப்பட்டுள்ளது. அதனுள்ளே பலருக்குப் பருத்திச் சட்டையும் அரைக்காற்சட்டையுமே உடை. உடல்வெப்பம் காக்கும் வெட்சூட் சில நிறுவனங்களிடம் கிடைக்கிறது. ஆனால் அது கேட்போர்க்குத் தரப்படும் கூடுதல் வசதியாகவே எண்ணப்படுகிறது. மூழ்குவதற்கு எதிரான ஏற்பாடு முழுமையாக இருக்க, குளிருக்கு எதிரான ஏற்பாடு வாடிக்கையாளரின் விருப்பத்துக்கு விடப்பட்டிருக்கிறது.

இதனை வெறும் அலட்சியம் என்று சொல்லிக் கடந்துவிடுவது எளிது. ஆனால் நீரின் குளிர் கொல்லும் என்ற செய்தி இந்நாட்டின் புள்ளிவிவரங்களிலும் இல்லை, அன்றாடப் பேச்சிலும் இல்லை. பெயரில்லாத ஆபத்துக்கு எவரும் விதி எழுதுவதில்லை.

முதலில் புள்ளிவிவரம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் விபத்து மரணங்களைத் தொகுத்து வெளியிடுகிறது. அதில் குளிருக்கு ஆளாகி இறந்தோர் இயற்கையின் விளைவுகள் என்னும் பகுதியில் எண்ணப்படுகின்றனர். நீரில் மூழ்கி இறந்தோர் வேறொரு பகுதியில் எண்ணப்படுகின்றனர். படகு கவிழ்தல், நீர்நிலையில் தவறி விழுதல் போன்ற உட்பிரிவுகளும் அங்கு உண்டு. மிதவையிலிருந்து தூக்கியெறியப்பட்டு, குளிர்ந்த நீரில் மூச்சுத் திணறி, தலை நீருக்கு மேலே இருக்கும்போதே நீரை உள்ளிழுத்து இறந்த ஒருவர் இரண்டாம் பகுதியில் ஓர் எண்ணாகிறார். குளிர் அந்த மரணத்தில் வகித்த பங்கு எங்கும் பதிவாவதில்லை. நாளிதழ்ச் செய்தியும் 'நீரில் மூழ்கிப் பலி' என்ற ஒற்றைத் தொடரோடு முடிந்துவிடுகிறது.

உடலியல் அறிஞர்கள் இந்த மரணத்தை மேலும் நுட்பமாகப் பிரித்துக் காட்டியுள்ளனர். பிரிட்டனில் ஃபிராங்க் கோல்டன், மைக்கேல் டிப்டன் முதலியோர் செய்த ஆய்வுகளின்படி, குளிர்ந்த நீரில் விழுந்தவர் எதிர்கொள்ளும் ஆபத்துகள் நான்கு கட்டங்களாக அமைகின்றன. முதற்கட்டம் குளிர்நீர் அதிர்ச்சி. தோல் திடீரெனக் குளிரும்போது மூச்சு தானாகவே ஆழமாக உள்ளிழுக்கப்படுகிறது. தொடர்ந்து கட்டுப்பாடற்ற வேகமான சுவாசம் தொடங்குகிறது. இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் உயர்கின்றன. இயல்பாக ஒரு நிமிடம் மூச்சடக்க வல்லவரும் அந்நிலையில் 10 வினாடிகளுக்குமேல் மூச்சடக்க இயலாது. ஓர் அலை முகத்தை மூடும் கணத்தில் அந்தத் தன்னிச்சையான உள்மூச்சு நிகழ்ந்தால், நீச்சல் தேர்ச்சியால் பயனில்லை. இரண்டாம் கட்டத்தில் கைகால் தசைகளும் நரம்புகளும் குளிர்ந்து செயலிழக்கின்றன. வீசப்பட்ட மீட்புக் கயிறு கைக்கெட்டினாலும் விரல்கள் அதைப் பற்றுவதில்லை. உடலின் உள்வெப்பம் ஆபத்தான அளவுக்குக் குறைவது மூன்றாம் கட்டத்தில்தான். வளர்ந்தவர்க்கு அதற்குப் பொதுவாக அரைமணி நேரத்துக்கு மேலாகும். நான்காவது, மீட்கப்படும் தறுவாயிலோ மீட்கப்பட்ட பின்னரோ நிகழும் திடீர்ச் சரிவு.

கனடாவின் மானிட்டோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்டன் கீஸ்பிரெக்ட் இதனை 1-10-1 என்று சுருக்கி மக்களிடம் கொண்டு சென்றார். மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம். கைகால்களைப் பயனுள்ள வகையில் இயக்க 10 நிமிடம். குளிரால் நினைவிழக்க 1 மணி நேரம். அவர் மனத்தில் கொண்டது உறைநிலையை ஒட்டிய நீர். ஆயினும் முதல் நிமிடத்தின் பாடம் இமயமலை ஆறுகளுக்கும் பொருந்தும். குளிர்நீர் அதிர்ச்சி உச்சத்தை அடைய நீர் உறைய வேண்டியதில்லை. 10 முதல் 15 டிகிரி செல்சியஸ் வரையிலான நீரே போதுமானது என்பது ஆய்வுகள் காட்டும் உண்மை. குளிர்காலத்தில் ரிஷிகேஷை ஒட்டிய கங்கை ஏறத்தாழ இந்த எல்லைக்குள்தான் ஓடுகிறது.

ஓர் ஒப்பீடு இதன் தீவிரத்தை விளக்கும். திறந்தவெளி நீச்சலுக்கான பன்னாட்டு விதிகள், நீர் 16 டிகிரிக்குக் கீழ் இருந்தால் போட்டியே கூடாது என்கின்றன. 18 டிகிரிக்குக் கீழ் வெட்சூட் கட்டாயம் என்கின்றன. பல்லாண்டுப் பயிற்சி பெற்று, சூழ மீட்புப் படகுகளோடு நீந்தும் வீரர்களுக்கே இந்த விதி. அதைவிடக் குளிர்ந்த ஆற்றில், வாழ்நாளில் முதன்முறையாகத் துடுப்புப் பிடிப்பவருக்கு வெட்சூட் குறித்து ஒரு சொல்லும் சொல்லப்படுவதில்லை. மாறாக, அலை அடங்கிய பகுதி வந்ததும் மிதவையிலிருந்து நீரில் குதித்து மிதக்குமாறு வழிகாட்டிகள் பலர் அழைக்கின்றனர். 'பாடி சர்ஃபிங்' என்று அதற்குப் பெயர். பயணத்தின் மிக இனிய பகுதியாக அதுவே விளம்பரப்படுத்தப்படுகிறது.

இந்த அழைப்பை ஏற்கத் தூண்டுவது பெரும்பாலும் வெயில். பிப்ரவரி நண்பகலில் பள்ளத்தாக்கின் காற்று இதமாக இருக்கும். நீரோ பனிமலைகளிலிருந்து இறங்கி வருவது. லடாக்கில் இந்த ஏமாற்று இன்னும் வெளிப்படை. அங்கே ராஃப்டிங் கோடைக்காலத்தில்தான் நடக்கிறது. வெயில் சுட்டெரிக்கும் ஜூலை மாதத்திலும் ஜான்ஸ்கர் ஆற்றில் ஓடுவது பனியாறுகள் உருகிய நீர். எனவே நாள்காட்டியின் குளிர்காலமும் ஆற்றின் குளிர்காலமும் ஒன்றல்ல. நீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்துகிறது. ஆகவே காற்றின் வெப்பநிலையைப் பார்த்து உடை தேர்ந்தவர் தவறான அளவுகோலைக் கையில் எடுத்தவராகிறார்.

இங்குதான் மொழியும் வருகிறது. வெப்பநாட்டு மொழிகளில் குளிர்ச்சி பெரும்பாலும் நன்மையின் பெயர். தமிழில் மனம் குளிர்கிறது. கண் குளிரக் காண்கிறோம் என்கின்றனர். வாழ்த்துவோர் வயிறு குளிர வாழ்த்துகின்றனர். இந்தியிலும் 'கலேஜா டண்டா' ஆவது நிறைவின் அடையாளம். குளித்தல் என்ற சொல்லையே குளிர்வித்தலோடு சேர்த்து விளக்கும் வழக்கு தமிழரிடையே உண்டு. அந்த வேர் விளக்கம் சரியோ தவறோ, குளிர்ந்த நீர் உடலுக்கு இதம் என்ற நம்பிக்கையை அது காட்டிவிடுகிறது. வெதுவெதுப்பான கடலையும் ஆற்றையும் அறிந்த சென்னை, கொச்சி, மும்பை நகரத்து மாணவர் இந்த நம்பிக்கையோடுதான் இமயத்து ஆற்றங்கரையில் வந்து நிற்கிறார். ஆழத்துக்கும் சுழலுக்கும் அஞ்ச அவர் மொழி கற்றுத் தந்திருக்கிறது. நீரின் குளிருக்கு அஞ்சவும் யாரேனும் அவருக்குச் சொல்லியாக வேண்டும்.

இதற்கு எழக்கூடிய மறுப்புகளில் முதலாவது, நூற்றாண்டுகளாக இலட்சக்கணக்கானோர் தை, மாசி மாதங்களில் கங்கையில் நீராடி நலமாகத் திரும்புகின்றனரே என்பது. அந்த நீராடலின் முறையே இதற்கு விடை. ஹரித்வாரின் படித்துறையில் இறங்குபவர் சங்கிலியைப் பற்றியபடி படிப்படியாக இறங்குகிறார். முகம் நீருக்குள் செல்லும் கணத்தை அவரே தீர்மானிக்கிறார். ஓரிரு நிமிடங்களில் கரையேறுகிறார். நாள்தோறும் நீராடுவோர்க்கு உடலும் பழகிவிடுகிறது. சில நிமிடங்கள் நீளும் ஐந்தாறு அமிழ்தல்களிலேயே குளிர்நீர் அதிர்ச்சி பெருமளவு தணிவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. மிதவையிலிருந்து எறியப்படுபவர்க்கு இவற்றுள் எதுவுமே வாய்ப்பதில்லை.

இரண்டாவது மறுப்பு பிழைப்பைப் பற்றியது. இது எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. இந்த ஆறுகளை நம்பி வாழும் வழிகாட்டிகளும் சிறு நிறுவனத்தாரும் ஏராளம். 2018 ஜூன் மாதத்தில் உத்தராகண்ட் உயர்நீதிமன்றம், உரிய சட்டவிதிகள் வகுக்கப்படும் வரை ராஃப்டிங் உள்ளிட்ட விளையாட்டுகளை நிறுத்தி ஆணையிட்டபோது அவர்கள் அனைவரின் வருவாயும் ஒரே நாளில் கேள்விக்குள்ளானது. ஆகவே தடை கோருவது முறையன்று. ஆனால் குளிரை விதிக்குள் கொண்டுவருவதற்குத் தடையும் தேவையில்லை, பெருஞ்செலவும் தேவையில்லை.

பிரிட்டனில் இத்தகைய விதி உயிர்களை இழந்த பின்னரே வந்தது. 1993 மார்ச் 22 அன்று லைம் விரிகுடாவில் கயாக் பயணம் சென்ற பள்ளி மாணவர் குழு குளிர்ந்த கடலில் பல மணி நேரம் சிக்கித் தவித்தது. நான்கு பதின்வயதினர் இறந்தனர். பயணத்தை நடத்திய நிறுவனமே குற்றவாளி என்று 1994இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1995இல், பதினெட்டு வயதுக்குட்பட்டோர்க்குச் சாகசப் பயிற்சி அளிக்கும் மையங்களுக்கு உரிமம் வேண்டும் என்ற சட்டம் பிறந்தது. இந்தியாவின் கல்லூரிகள் தம் மாணவர்களைக் குழுக்குழுவாக இமயத்து ஆறுகளுக்கு அழைத்துச் செல்லும் இக்காலத்தில், அந்த வரிசை இங்கும் அப்படியே நிகழக் காத்திருக்கத் தேவையில்லை.

செய்யத்தக்கவை சிலவே. மிதவை இறங்கும் ஒவ்வொரு துறையிலும் காலைதோறும் நீரின் வெப்பநிலையை அளந்து பலகையில் எழுத வேண்டும். ஒரு வெப்பமானியின் விலை ஒரு பயணியின் கட்டணத்தைவிட மிகுதியன்று. நீர் 15 டிகிரிக்குக் கீழ் இருக்கும் நாள்களில் வெட்சூட் லைஃப் ஜாக்கெட்டைப் போலவே கட்டாயமாக வேண்டும். பாடி சர்ஃபிங் நிறுத்தப்பட வேண்டும். விபத்து மரணப் பதிவில், நீரில் மூழ்கி இறந்தோர் என்ற தலைப்பின்கீழ் நீரின் வெப்பநிலையும் லைஃப் ஜாக்கெட் அணிந்திருந்தாரா என்பதும் குறிக்கப்பட வேண்டும். மாணவரை அழைத்துச் செல்லும் கல்வி நிறுவனங்கள் ஒப்பந்தத்திற்கு முன் இவ்விரண்டு கேள்விகளை எழுத்தில் கேட்கலாம்: அன்றைய நீரின் வெப்பநிலை என்ன? வெட்சூட் எத்தனை உள்ளது?

இவற்றுக்கெல்லாம் முன்பாக, இன்றே செய்யக்கூடியது ஒன்றுண்டு. துடுப்பை எப்படிப் பிடிப்பது, வழிகாட்டியின் கட்டளைக்கு எப்படி வலிப்பது என்று கரையில் கற்பிக்கும்போதே, 'நீரில் விழுந்தால் மூச்சு உங்கள் வசத்தில் இராது, அது இயல்பு, நீந்த முயலாதீர்கள், முகத்தை நீருக்கு மேலே வைத்து மிதந்தபடி அந்த ஒரு நிமிடத்தைக் கடத்துங்கள், பிறகு கயிற்றைப் பாருங்கள்' என்று சேர்த்துச் சொல்லலாம். தமிழிலோ இந்தியிலோ அரை நிமிடத்தில் சொல்லி முடிக்கக்கூடிய செய்தி இது. அதற்குக் குளிர்நீர் அதிர்ச்சி என்ற பெயரையும் கூடவே சொல்லிவிட்டால், கரையில் நிற்கும் மாணவர் அதை ஊருக்குக் கொண்டுசென்று அடுத்த ஆண்டு புறப்படுவோர்க்கும் சொல்வார்.