அண்ணா விட்டுச் சென்ற 'அல்லது'

முகூர்த்த மாதங்களில் காஞ்சிபுரம் காந்தி சாலையில் கால் வைக்க இடமிருக்காது. கல்யாணப் பட்டு எடுக்க வேன் வைத்து வருகிறார்கள். எல்லாச் சாதிக் கல்யாணத்துக்கும் சேலை இந்த ஊர்த் தறியிலிருந்தே போகிறது. ஆனால் சேலை எடுக்க வரும் இரு வீட்டாரும் பெரும்பாலும் ஒரே சாதி.

இந்த ஊர் நெசவாளர் குடும்பம் ஒன்றில் 1909 செப்டம்பர் 15 அன்று பிறந்தவர் அண்ணா. நகராட்சியில் எழுத்தராக வேலை பார்த்தவர், எம்.ஏ. படித்தவர், 1942இல் 'திராவிட நாடு' இதழைத் தொடங்கியவர், 1949இல் தி.மு.க.வைக் கண்டவர். 1957இல் அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பிய காஞ்சிபுரமே 1962இல் தோற்கடித்தது. அந்த ஆண்டே மாநிலங்களவைக்குப் போனார். ஐந்தே ஆண்டில், 1967 மார்ச்சில், முதலமைச்சரானார். 1969 பிப்ரவரி 3இல் மறைந்தார். ஆட்சியில் இருந்தது இரண்டு ஆண்டுகூட இல்லை.

அந்தக் குறுகிய காலத்தில் மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வந்தது, இருமொழிக் கொள்கை வந்தது. இவை எல்லோருக்கும் தெரியும். நம் வீட்டுக்குள்ளேயே நுழைந்த இன்னொரு சட்டத்தைத்தான் நாம் அதிகம் பேசுவதில்லை.

1928 முதலே சுயமரியாதைத் திருமணங்கள் நடந்தன. ஆனால் சட்டத்தின் கண்ணில் அவை திருமணங்களே அல்ல. 1950களில் சென்னை உயர்நீதிமன்றமும் செல்லாது என்றே சொன்னது. புரோகிதரை மறுத்த குற்றத்துக்கு, மனைவி மனைவியில்லை, பிள்ளைக்குச் சொத்துரிமை கேள்விக்குறி! 1967இல் அண்ணா அரசு இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்தது. அதற்கு முன் நடந்த திருமணங்களுக்கும் அது செல்லும் என்றது. உறவினர், நண்பர் அல்லது வேறு யார் முன்னிலையிலாவது, ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொன்னால் போதும். அல்லது மாலை மாற்றினால், அல்லது மோதிரம் அணிவித்தால், அல்லது தாலி கட்டினால் போதும். முன்வரைவில் 'மற்றும்' என்று இருந்ததை 'அல்லது' ஆக்கச் சொன்னவர் பெரியார் என்பது இயக்கத்தில் சொல்லப்படும் செய்தி. அந்த ஒரு சொல்லால் தாலியும் கட்டாயமில்லை என்றானது.

அண்ணாவைக் கேள்விக்கு அப்பால் வைக்க வேண்டியதில்லை. அதே ஆட்சியில்தான், 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் கூலி கேட்ட தலித் குடும்பங்களில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். மணவறையிலிருந்து புரோகிதரை இறக்கிய ஆட்சியால் பண்ணையாரின் நிலத்தில் சாதியை அசைக்க முடியவில்லை. மணவறையிலும் சாதி எழுந்து போகவில்லை. இன்று தலைவர் படத்துக்குக் கீழே, தமிழில் உறுதிமொழி சொல்லி, சொந்தச் சாதிக்குள்ளேயே நடக்கும் திருமணங்கள் எத்தனை! மேடை மாறியது, வரன் பார்க்கும் விதம் மாறவில்லை. புரோகிதர் இல்லாத சாதித் திருமணம் சாதித் திருமணம்தான்.

சாதியை மீறிய காதலர்களுக்கு 7ஏ இன்று வேறொன்றாகவும் இருக்கிறது: உயிர் காக்கும் வழி. சிறப்புத் திருமணச் சட்டப்படி மணந்தால் 30 நாள் முன்னறிவிப்பு ஒட்ட வேண்டும். தேடி அலையும் குடும்பத்துக்கு அது முகவரி கொடுப்பதற்குச் சமம். 7ஏ திருமணத்துக்கு அந்த அறிவிப்பு இல்லை. வழக்கறிஞர் அலுவலகத்தில் ரகசியமாக நடக்கும் சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று 2014இல் உயர்நீதிமன்றம் இந்த வழியை அடைத்தது. பகிரங்கமாக நடத்த வேண்டிய கட்டாயமில்லை என்று 2023 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் திறந்துவிட்டது. ஆனால் சட்டம் திருமணத்தைத்தான் செல்லுபடியாக்கும். 2016இல் உடுமலைப்பேட்டையில் சங்கர் பட்டப்பகலில் வெட்டப்பட்டபோது, அவருடைய திருமணம் செல்லுமா என்று யாரும் கேட்கவில்லை. ஆணவக்கொலைக்கு எதிரான தனிச்சட்டத்தை நாம் கேட்பது அதனால்தான். 7ஏவை முடித்து வைக்க வேண்டிய சட்டம் அது.

அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. சட்டம் 'உறவினர் அல்லது நண்பர்' என்கிறது. உறவினர் அரிவாளோடு நிற்கும்போது நண்பர் போதும் என்பதே அதன் பொருள். உங்களுக்குத் தெரிந்த ஓர் இணை அடுத்து அழைக்கும்போது, நண்பராகப் போய் நில்லுங்கள் தோழர்களே. உங்கள் வீட்டில் வரன் பார்க்கும் பேச்சு தொடங்கும்போதும், அதே நண்பராக எழுந்து நில்லுங்கள்.