சின்ன வீட்டில் நீமோ வளர்க்கலாமா?

சிதம்பரத்துக்குப் பக்கத்தில், வெள்ளாறு கடலில் சேரும் பரங்கிப்பேட்டையில் இருக்கிறது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம். 'நீமோ' புகழ் கோமாளி மீனை அங்கே தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைத்திருக்கிறார்கள். அதுவும் முகத்துவாரத் தண்ணீரில்!

கடலூர் பக்கம் வீட்டில் முதன்முதலாக உப்புநீர்த் தொட்டி வைக்க நினைப்பவர்கள் தேட வேண்டியதும் இப்படிப் பண்ணையில் பிறந்த மீனைத்தான்.

சின்னத் தொட்டி என்றால் வேலை குறைவு என்பது தப்புக்கணக்கு. தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆகாது. சித்திரை வெயிலில் உப்பு சட்டென ஏறிவிடும். குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர்தான் ஊற்றணும், மறுபடி உப்புநீர் அல்ல.

மீன் விடும் முன் சிட்டிகை தீனி போட்டு, நாலைந்து வாரம் தொட்டியைச் சும்மா ஓட விடுங்கள். அமோனியாவைத் தின்னும் பாக்டீரியா வளர அவ்வளவு நாள் பிடிக்கும். முதல் மீன் பெரும்பாலும் சாவது இந்த அவசரத்தால்தான்.

நம் கடலில் எடுத்த பவளம், கடல்குதிரையை யார் நீட்டினாலும் வாங்காதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.