பின்னோக்கிய உதிரம் மட்டுமே காரணமா?

எண்டோமெட்ரியோசிஸ் ஏன் வருகிறது என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கிறது: மாதவிடாய் உதிரம் கருக்குழாய் வழியே பின்னோக்கிச் சென்று, அதிலுள்ள கருப்பை உட்சுவர்த் திசு வயிற்றுக்குள் ஒட்டி வளர்கிறது. 1927-இல் அமெரிக்க மருத்துவர் ஜான் சாம்சன் தந்த விளக்கம் இது. இதையே முழு உண்மையாகக் கொண்டால், ‘கருப்பையை எடுத்துவிட்டால் தீர்ந்தது’ என்று சொல்வது எளிதாகிவிடுகிறது. ஆனால் அதற்கு முன் நான்கு விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, பின்னோக்கிய ஓட்டம் அரிதானதல்ல. 1984-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மாதவிடாய் நாட்களில் லேப்ராஸ்கோப்பி (சிறு துளை வழியே கருவி செலுத்தி வயிற்றுக்குள் பார்க்கும் முறை) செய்துகொண்ட, கருக்குழாய் அடைப்பில்லாத பெண்களில் 90 சதவீதத்தினரின் வயிற்று நீரில் உதிரம் இருந்தது. நோயோ ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கே வருகிறது. மற்றவர்கள் தப்பியது எப்படி?

இரண்டாவது, கருப்பை உட்சுவரே இல்லாமல் பிறந்த சில பெண்களிடமும், புராஸ்டேட் புற்றுநோய்க்காக நெடுநாள் ஈஸ்ட்ரோஜன் எடுத்துக்கொண்ட சில ஆண்களிடமும் இந்நோய் காணப்பட்டிருக்கிறது. அங்கே பின்னோக்கிப் பாய மாதவிடாயே இல்லை. வயிற்று உறையின் செல்களே உருமாறலாம் என்ற மருத்துவர் ராபர்ட் மெயரின் கருத்தை இதனால்தான் ஒதுக்க முடியவில்லை.

மூன்றாவது, சாம்சன் சொன்னது பொய்யல்ல. பபூன் குரங்குகளின் வயிற்றுக்குள் மாதவிடாய்த் திசுவைச் செலுத்தியபோது நோய் உண்டானது. உதிரம் வெளியேறும் வழி பிறவியிலேயே அடைபட்ட பெண்களுக்கும் இந்நோய் அதிகம். ஆனால் விதை விழுந்த இடமெல்லாம் பயிராவதில்லை. இரட்டையர் ஆய்வுகளின்படி, நோய் வரும் வாய்ப்பில் ஏறத்தாழ பாதி மரபணு சார்ந்தது. நோய் எதிர்ப்பாற்றலின் குறையும், நோய்த்திசு தானே உண்டாக்கிக்கொள்ளும் ஈஸ்ட்ரோஜனும் அந்த விதைக்கு நிலமாகின்றன.

நான்காவது, ‘நோய் படிப்படியாக முற்றிக்கொண்டே போகும்’ என்பதும் எல்லோருக்கும் பொருந்தாது. சிகிச்சை பெறாதவர்களை மறுபடி லேப்ராஸ்கோப்பியில் பார்த்தபோது, சிலருக்கு முற்றியிருந்தது; சிலருக்கு அப்படியே இருந்தது; சிலருக்குக் குறைந்திருந்தது. நோயின் நிலைக்கும் வலியின் கடுமைக்கும் நேர்த்தொடர்பும் இல்லை. முதல் நிலையில் துடிப்பவரும் உண்டு, நான்காம் நிலையில் வலியே அறியாதவரும் உண்டு.

ஆகவே, குடலிலும் சிறுநீர்ப்பையிலும் ஒட்டிய திசுவை விட்டுவிட்டுக் கருப்பையை மட்டும் அகற்றினால் வலி தொடரலாம். ‘ஒரு குழந்தை பெற்றால் சரியாகிவிடும்’ என்பதும் மருத்துவமல்ல. மாதந்தோறும் சுருண்டு படுக்கும் பெண்ணிடம் ‘ஸ்கேனில் ஒன்றுமில்லை’ என்று சொல்லி அனுப்புவதும் தவறு. ஸ்கேனுக்குத் தெரியாத நோய்த்திசு உண்டு. காரணம் ஒன்றே என்ற பிடிவாதத்தைக் கைவிட்டால்தான் அவள் சொல்லும் வலிக்குக் காதுகொடுப்போம்.